மாமாவின் படகுக்கு உணர்ச்சி பூசிய கதை

இளவயதில் நான் அழாமல் ஒரு படமும் கீறியதில்லை. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கமில்லை. மற்றவர்கள் படம் கீறுவதற்கு முன் பென்சில் சீவுவார்கள். நான் கண் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்த நாலு வருடமும் எனக்கு ஒரேயொரு கொள்கைதான் இருந்தது: மனம் சொல்வதைக் கை செய்ய வேண்டும், நடுவில் மூளை வாய் திறக்கக் கூடாது. முதலில் அளவெடுத்து, கோடு போட்டு, பிறகு நிறம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். நிறத்தை நான் தெரிவுசெய்வதில்லை, நிறம்தான் என்னைக் கூப்பிடும் என்று கதைத்துக்கொண்டு திரிந்தேன். (ஒருவரும் கேட்கவில்லை, நானாகத்தான் கதைத்தேன்.) ஒருமுறை எங்கள் வீட்டுப் பசுவை ஊதா நிறத்தில் கீறிச் சுவரில் மாட்டினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, மாட்டுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அதன் மனசுக்குள் இருக்கிற தனிமை ஊதா என்று விளக்கினேன். அன்று பின்னேரமே அம்மா மாட்டு வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவளைத்தான் திருகோணமலையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கள் வீடு வெருகலில். வயலும் ஆறும்தான் எனக்குத் தெரியும். கடல் என்றால் எப்போதாவது பஸ் யன்னலால் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஒரு பொருள். என் கணவர் ரமணனுக்குக் கச்சேரியில் அரசாங்க வேலை. அவருடைய அப்பா, அதாவது என் மாமா, சொந்தப் படகு வைத்து முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுவார், அதிலும் பாதி இஞ்சினோடு. மிச்சக் கதை முழுவதையும் மாமி பொறுப்பெடுத்திருந்தார். கடற்கரையிலிருந்து முப்பது அடி தள்ளி வீடு. இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, பின்பக்கம் வலை அறை.

அந்த வலை அறையில்தான் என் கண் விழுந்தது. மாமா பழைய வலை, மிதவை, கயிறு, ஓடாத இஞ்சின் ஒன்று எல்லாவற்றையும் அதற்குள் அடைத்து வைத்திருந்தார். ஆனால் கடலைப் பார்த்தபடி அதற்கு ஒரு பெரிய யன்னல் இருந்தது. காலை வெளிச்சம் அந்த யன்னலால் வந்து ஓடாத இஞ்சின்மேல் விழுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறெரியும். நானோ குசினி மூலையில் முழங்காலை மடித்துக்கொண்டு கீறிக்கொண்டிருந்தேன். கீறி முடித்த படங்கள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, கதவுக்குப் பின்னாலே என்று அகதிகளாகக் கிடந்தன. தேத்தண்ணியில் தூரிகை கழுவுகிற தேர்ப்பன்தைன் மணக்கிறது என்று மாமி சொல்லத் தொடங்கியிருந்தார். ஒருநாள் சம்பல் கிண்ணத்தில் என் தூரிகை ஊறிக்கொண்டிருந்ததைக் கண்டபிறகு அவர் சொல்வதையும் நிறுத்திவிட்டு, என்னையும் கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

கலியாணமாகி நாலாம் மாதம், துணிந்து மாமாவிடம் கேட்டுவிட்டேன். அந்த அறையை எனக்குத் தாருங்கள், படம் கீற ஒரு இடம் வேண்டும் என்று. மாமா வலையை எடுத்துத் தைக்கத் தொடங்கினார். ஒரு கிழமை தைத்தார். எட்டாம் நாள், வலை தைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் வாய் திறந்தார்.

"படம் கீறுறதெண்டால் என்ன எண்டு எனக்கு விளங்காது பிள்ளை. போட்டுக்குப் பெயின்ற் அடிக்கோணும். நீ அடி பாப்பம். வடிவா வந்தால் அறையைத் தாறன்."

அது அவருடைய இரண்டு நாள் சொற்கள். நான் தலைகால் தெரியாமல் துள்ளினேன். வாடைக்காற்று ஓய்ந்து, படகுகளைக் கரையில் ஏற்றித் துப்புரவாக்கி, பருவத்துக்குத் தயார்செய்கிற காலம் அது. மாமா தன் இஞ்சினைத் தூக்கிக்கொண்டு மூதூருக்குப் போனார். அங்கே அவருக்கு நம்பிக்கையான ஒரு மெக்கானிக் இருந்தார். மூன்று நாளில் வருவேன் என்றார். போகுமுன் மூன்று டின் மஞ்சள், ஒரு டின் சிவப்பு, இரண்டு தூரிகை வாங்கி வைத்துவிட்டுப் போனார். படகு ஏற்கெனவே மஞ்சள். இடுப்பில் சிவப்புக் கோடு. இருபது வருடமாக அதே மஞ்சள், அதே கோடு.

நான் டின் மூடியில் அடித்திருந்த நிறத்தைப் பார்த்தேன். பளீரென்ற மஞ்சள், கண்ணில் குத்தியது. இந்த மஞ்சளில் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று என்னையே கேட்டேன். ஒரு உணர்ச்சியும் இல்லை என்று என் மனம் பதில் சொன்னது. (அந்த மனத்தைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.) நேரே ஹாட்வெயார் கடைக்குப் போய் நாலு டின்னையும் திருப்பிக் கொடுத்து, நீலம், வெள்ளை, கறுப்பு, கொஞ்சம் பச்சை என்று மாற்றி வந்தேன். எந்த நிறம் எவ்வளவு கலப்பது? அளவெடுத்துக் கலப்பது என் கொள்கைக்கு ஆகாது. விடிகிற நேரம் கடற்கரைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தேன். கடல் நீலமுமில்லை, சாம்பலுமில்லை, பச்சையுமில்லை. அதற்குள் சொல்ல முடியாத ஒரு துக்கம் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. சரி, வேலை தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

ஓடிவந்து நிறத்தைக் கலக்கத் தொடங்கினேன். ஊற்றுவேன், கிளறுவேன், போய்க் கடலைப் பார்ப்பேன், வருவேன், இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன். கண்ணீர் ஒரு துளி டின்னுக்குள்ளும் விழுந்தது. அதையும் சேர்த்துக் கிளறினேன். படகு வேறு, கடல் வேறு என்ற பிரிவே இருக்கக் கூடாது, ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா, ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தேன். அந்தக் கொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எனக்கே உடம்பு கூசும்.

இரண்டாம் நாள் மாமி தேத்தண்ணியோடு கரைக்கு வந்தார். படகைச் சுற்றி நடந்தார். "இதென்ன அடிக்கோட்டோ?" என்று கேட்டார். மஞ்சளுக்குக் கீழே முதலில் பூசுகிற பூச்சு என்று நினைத்துவிட்டார். நான் கலைஞருக்கே உரிய ஒரு சிரிப்புச் சிரித்தேன். மாமி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கத்துப் படகு அந்தோனி அண்ணனுடையது. அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, எப்போது பெயின்ற் அடிக்கத் தொடங்கப்போகிறாய் என்று கேட்டார். என் படைப்பின் முன்னால் மனிதர்களுக்குச் சொல் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பின்னேரம் வேலை முடிந்தபோது, கச்சேரியிலிருந்து வந்த ரமணனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வடிவாக இருக்கிறது என்றார். (நாலு மாதப் புதுமாப்பிள்ளை வேறு என்னத்தைச் சொல்வார்?) படகின் பதிவு இலக்கம் மட்டும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசாங்க உத்தியோகத்தர் குரலில் சொன்னார். இலக்கம் ஒழுங்கைக் கெடுக்கிறது என்று நான் வாதாடினேன். கடைசியில் இலக்கத்தையும் அதே நிறத்தில், ஒரு மயிரிழை வெளிறலாக, எழுதினேன். கிட்டப் போய் மூக்கை முட்டிப் பார்த்தால் தெரியும்.

மாமா அன்று இரவு கடைசிப் பஸ்ஸில் இஞ்சினோடு வந்து இறங்கினார். பெயின்ற் காய்ந்ததா என்று மட்டும் கேட்டார். காய்ந்தது என்றேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். விடிவதற்கு வெகு முன்னமே எழும்பி, இரண்டு மூன்று பேரின் கையுதவியோடு இருட்டில் படகைத் தள்ளி, ரோர்ச் வெளிச்சத்தில் இஞ்சினைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். தூரத்துக்கில்லை, இஞ்சினைப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு சின்ன வலையைப் போட்டு இழுத்துக்கொண்டு வரத்தான். தனியாகப் போனார். அந்த இருட்டில் அவருக்குப் படகு என்ன நிறம் என்று தெரிந்திருக்க நியாயமே இல்லை.

இங்கே எங்கள் மாமியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாமா கடலுக்குப் போனால், மாமி ஏழரை மணிக்குக் குசினி வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடலைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு மஞ்சள் பொட்டுத் தெரிந்ததும் உள்ளே போய் உலை வைப்பார். மாமா கரைக்கு வந்து, மீனை வியாபாரியிடம் கொடுத்து, கால் கழுவி வரும்போது சோறு பதமாக இருக்கும். மாமி மட்டுமல்ல, அந்தக் கரையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். அந்தோனி அண்ணனுடையது பச்சையும் வெள்ளையும், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது கத்தரிப்பூ. மீன் வாங்க வருகிற கூலர் லொறிக்காரர்கூட நிறத்தைப் பார்த்துத்தான் எந்தப் படகுக்கு முன்னால் ஓடிப்போய் நிற்பது என்று முடிவுசெய்வார். படகின் நிறம் அலங்காரமில்லை, அது கரையில் நிற்கிறவர்களுக்கு வருகிற தந்தி. இது அந்தக் கரையில் தவழ்கிற குழந்தைக்கும் தெரியும். நாலு வருடம் நிறத்தைப் பற்றிப் படித்த எனக்கு மட்டும் தெரியாது.

அன்று வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. எட்டு மணிக்குப் பச்சையும் வெள்ளையும் வந்தது. எட்டரைக்குச் சிவப்பு. ஒன்பதுக்குக் கத்தரிப்பூ. ஒன்பதரைக்குக் கரையில் எல்லாப் படகும் வந்து ஏறிவிட்டன. மாமி வாசலை விட்டுக் கடற்கரைக்கே போய்விட்டார். அவர் உதடு முருகா முருகா என்று அசைந்துகொண்டிருந்தது. மாமாவின் போனுக்கு அடித்துப் பார்த்தோம். அது குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே இருந்து சந்தோஷமாகப் பாடியது. மாமி என்னைப் பார்த்து, மஞ்சள் ஒரு இடமும் காணவில்லையே பிள்ளை, உனக்காவது தெரிகிறதா என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மனுசி காலையிலிருந்து மஞ்சளைத் தேடிக்கொண்டு நிற்கிறார். அந்தக் கரையில் நிற்கிற அத்தனை பேரும் மஞ்சளைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.

"மாமி," என்றேன், "போட் இப்ப மஞ்சளில்லை."

"பின்னையென்ன நிறம்?"

"அது வந்து மாமி, விடியக்காலமையில கடலுக்கு ஒரு துக்கம் இருக்குமெல்லோ..."

"பிள்ளை, நிறத்தைச் சொல்லு."

நான் முன்னால் கையைக் காட்டினேன். "கடல் நிறம்."

மாமி கண்ணுக்கு மேல் கையை வைத்தார். கடலைப் பார்த்தார். அந்தக் கடல் முழுவதும், இந்தப் பக்கக் குன்றிலிருந்து அந்தப் பக்க முனைவரை, என் நிறத்திலேயே கிடந்தது. அவ்வளவு அருமையாகக் கலந்திருந்தேன். அந்த நேரத்திலும் என் மனதில் ஒரு மூலை, அட, பச்சை சரியாகத்தான் விழுந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை.

செய்தி கரை முழுக்கப் பரவியது. அந்தோனி அண்ணன் வேறு மூன்று படகையும் கூட்டிக்கொண்டு தேடப் புறப்பட்டார். புறப்படுமுன் என்னிடம் வந்து விபரம் கேட்டார். அந்த அடிக்கோட்டோடேயா மனிசன் போனவர் என்றார். அது அடிக்கோட்டில்லை அண்ணன் என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, கடலுக்குள்ளே கடல் நிறப் படகை எப்படித் தேடுவது என்று தன் இஞ்சினைப் பார்த்துக் கேட்டார். நான் நிறத்தை இன்னும் துல்லியமாக விளக்கினால் உதவியாக இருக்குமோ என்று நினைத்து வாயைத் திறந்தேன். மாமி என் கையைப் பிடித்து அழுத்தினார். மூடிக்கொண்டேன்.

நாலு படகும் நாலு திசையில் போயின. பத்து மணியானது. பத்தரையானது. ரமணன் கச்சேரியிலிருந்து ஓடிவந்துவிட்டார். படகின் படம் போனில் இருந்தால் ஆட்களுக்கு அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னார். ரமணனிடம் படம் இருந்தது. முதல்நாள் பின்னேரம் கடலைப் பின்னால் வைத்து எடுத்தது. அந்தப் படத்தை அவர் பத்துப் பேருக்குக் காட்டினார். பத்துப் பேரும் பார்த்துவிட்டு, படகு எங்கே தம்பி என்று கேட்டார்கள். அவர் விரலால் கோடு போட்டுக் காட்டினார். எனக்கு அதுவரை இருந்த கொஞ்ச நஞ்சத் துணிவும் அந்த இடத்தில் கழன்று விழுந்தது. மாமாவுக்கு ஏதும் நடந்துவிட்டால்? அறையும் வேண்டாம், யன்னலும் வேண்டாம், கீறவும் வேண்டாம், மனிசன் வந்தால் காணும் என்று வெருகல் முருகனிடம் மன்றாடினேன். (கொஞ்ச நேரம் கழித்து, கீறுவது மட்டும் இருக்கட்டும் என்று திருத்திக்கொண்டேன்.)

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், கரையில் நின்ற ஒரு அம்மா கடலைக் காட்டிக் கையெடுத்துக் கும்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கரையிலிருந்து அரை மைல் இருக்கும். நடுக்கடலில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். படகில்லை, கட்டுமரமில்லை, ஒன்றுமில்லை. வெள்ளைப் பெனியனோடு ஒரு ஆள் தண்ணீருக்கு மேலே நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கூலர் லொறிக்காரர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அந்த ஆள் இடுப்பில் கை வைத்தார். தண்ணீருக்கு மேலே இரண்டு அடி நடந்தார். திரும்பி வந்தார்.

மாமிதான் முதலில் வாய் திறந்தார். "அது எங்கட மனிசன்," என்றார். "அந்த நடை அவற்ர நடை."

கடலில் நடந்ததைப் பிறகுதான் மாமா சொல்லி அறிந்தோம். மூதூரில் திருத்திய இஞ்சின் ஐந்தரை மணிக்கே நின்றுவிட்டது. மாமா பதற்றப்படவில்லை. நங்கூரத்தைப் போட்டுவிட்டு, போகிற வருகிற படகு கண்டு இழுத்துக்கொண்டு போகும் என்று இருந்தார். இருபது வருடமாக அப்படித்தான் நடந்திருக்கிறது, மஞ்சளைக் காணாதவன் யார்? விடிந்தது. கரைக்குத் திரும்பிய பச்சை வெள்ளை பக்கத்தால் போனது, நிற்கவில்லை. சிவப்புப் போனது, கத்தரிப்பூப் போனது. கை காட்டினார், கூப்பிட்டார், இஞ்சின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. என்னடா இது, ஊரே சேர்ந்து என்னை ஒதுக்கிவைத்துவிட்டதோ என்று நினைத்து, எந்தக் குற்றத்துக்கு என்று யோசித்துக்கொண்டே விளிம்பால் வெளியே எட்டிப் பார்த்தவர், அப்போதுதான் தன் படகின் நிறத்தை வெளிச்சத்தில் கண்டிருக்கிறார். பிறகு தேட வந்த அந்தோனி அண்ணன், மாமாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு தரம் அவரைத் தாண்டிப் போயிருக்கிறார். ஒரு கடற்காகம் வந்து மாமாவின் மடியில் இறங்கி, ஆளைக் கண்டு பயந்து பறந்ததாம். அதற்கும் படகு தெரியவில்லை என்பது மாமாவின் முடிவு. கடைசியில் நீலச் சேர்ட்டைக் கழற்றிவிட்டு, பெனியனோடு முன்பலகையில் ஏறி நின்றிருக்கிறார்.

அந்தோனி அண்ணன் அந்தப் பெனியனைக் குறிவைத்துத்தான் படகை விட்டார். ஆள் நிற்கிற இடம் தெரிந்தது, படகு எவ்வளவு தூரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரியவில்லை. முட்டிய சத்தம் கரைவரை கேட்டது.

மானம் கப்பலேறிவிட்டது என்று சொல்வார்கள். என்னுடையது கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. கரையில் நின்ற நூறு பேரின் கண்ணுக்கு முன்னால், பச்சை வெள்ளைப் படகு ஒன்று முன்னால் வர, அதற்கு இருபது அடி பின்னால் என் மாமா, இடுப்பில் கையை வைத்தபடி, கடலின் மேல் வழுக்கிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். யாரோ வீடியோ எடுத்தார்கள். கரைக்கு ஐம்பது அடி வந்தபிறகுதான் அவருடைய காலுக்குக் கீழே படகு கொஞ்சம் கொஞ்சமாக உருவாகத் தொடங்கியது. இன்றுவரை என் படைப்பு எதுவும் அவ்வளவு பேரை அவ்வளவு நேரம் வாய் பிளந்து பார்க்க வைத்ததில்லை.

மாமா இறங்கினார். மாமி ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, பிறகு முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அழுதார். மாமா என் பக்கம் வந்தார். நான் மனசுக்குள் பெட்டி கட்டி முடித்திருந்தேன். வெருகல் பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன். மாமா தேத்தண்ணி கேட்டார். யாரோ கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே படகை ஒருதரம் சுற்றி நடந்தார். ஊரே சுற்றி நின்றது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். "நான் உணர்ச்சிவசப்பட்டு..."

"நாலைஞ்சு மணித்தியாலம் சும்மா இருந்தனான்," என்றார் மாமா. "பாக்கிறதுக்கு வேற ஒண்டுமில்லை. உன்ர பெயின்ற்றைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். எங்க போட் முடியுது, எங்க தண்ணி துடங்குது எண்டு எனக்கே தெரியேல்லை. கையை விட்டுத் தடவித்தான் பாத்தனான்."

கோப்பையை மாமியிடம் நீட்டினார்.

"வலை அறையை நாளைக்கு ஒதுக்கித் தாறன். இதை வெளியில விட ஏலாது பிள்ளை. ஆக்களுக்கு ஆபத்து. உள்ளுக்க வைச்சுச் செய்."

அவ்வளவுதான். முப்பது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை என்று மாமி பிறகு சொன்னார். கரை முழுக்கச் சிரித்தது. அந்தோனி அண்ணன் சிரித்து மணலில் இருந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கை உறிஞ்சினேன். மாமி உடனே, போதும் பிள்ளை, அழாதே, அழுதால் பிறகு கீறத் துடங்கிவிடுவாய் என்று என்னை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அடுத்த இரண்டு நாள் நான் படகுக்கு மஞ்சள் அடித்தேன். மாமி கதிரை கொண்டுவந்து போட்டுப் பக்கத்தில் இருந்து மேற்பார்த்தார். நான் எங்காவது தூரிகையை நிறுத்திக் கடலைப் பார்த்தால், அங்கே என்ன பார்வை, இங்கே பார் என்பார். உணர்ச்சி எதுவும் கலக்காமல், டின்னில் இருந்தபடியே பூசினேன். இடுப்பில் சிவப்புக் கோடு. இலக்கம் கறுப்பில், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரத்தில். வியாபாரக் கடையின் பலகை மாதிரி இருந்தது. மாமா வந்து பார்த்துவிட்டு, ம் என்றார்.

அதற்கடுத்த நாள் மாமா கடலுக்குப் போனார். ஏழரைக்கு மாமி வாசலுக்கு வந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்கேயோ ஒரு பொட்டு, கடுகளவு மஞ்சள். மாமியின் தோள் இரண்டும் இறங்கியதை நான் கண்டேன். நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. உள்ளே போய் அரிசி களைந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மஞ்சளில் ஒரு உணர்ச்சியும் இல்லை என்று சொன்னவள் நான். ஒரு மனுசி இருபது வருடமாக இதற்காகவே வாசலில் நின்றிருக்கிறார். அன்று புது அறைக்குள் போய், கண் மேல் கை வைத்தபடி நிற்கிற மாமியைத்தான் முதலில் கீறினேன். டின்னில் மிஞ்சிய அதே மஞ்சளில் ஒரு பொட்டு வைத்தேன். அழாமல் கீறிய முதல் படம் அது. (சரி, முடிக்கும்போது கொஞ்சம் அழுதேன்.)

நான் உணர்ச்சியைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இப்போதும் நிறம்தான் என்னைக் கூப்பிடுகிறது. ஆனால் போவதற்கு முன்னால், யார் பார்ப்பதற்கு, எங்கேயிருந்து பார்ப்பதற்கு என்று ஒருதரம் கேட்டுக்கொள்கிறேன்.

பதினைந்து வருடமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு பொருள் காணாமல் போகக் கூடாது. கத்தரிக்கோல், அலுமாரித் திறப்பு, மகளின் கணக்குக் கொப்பி, ரமணனின் கண்ணாடி, எது தொலைந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: அம்மா அதுக்குப் பெயின்ற் அடிச்சவவோ? ஒருமுறை மாமி கறிக்குள் மீன் துண்டைத் தேடிவிட்டு என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். கரையிலும் அப்படித்தான். இன்றைக்கும் ஏதாவது படகு பிந்தினால், சும்மா பிந்தின படகோ, மருமகள் பெயின்ற் அடிச்ச படகோ என்று பகிடி விடுவார்கள். யாரோ எடுத்த அந்த வீடியோ வருடத்துக்கு ஒருமுறையாவது எங்கேயோ சுற்றி என் போனுக்கே திரும்பி வந்துவிடும். அடியில், இவர் எந்த ஊர்ச் சுவாமி என்று ஒருவர் கேட்டிருப்பார்.

போன மாதம் மாமாவைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை, கதையும் முன்னையைவிடக் குறைவு. வைத்தியர் இளம் ஆள், வெளியூர். சுவரில் எழுத்துப் பலகை ஒன்று தொங்கியது. மாமா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்துவந்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார். வைத்தியர் பிரம்பால் தட்டிக் காட்டி, இதில் ஏதாவது தெரிகிறதா ஐயா என்று கேட்டார்.

மாமா முகத்தில் ஒரு சிரிப்புமில்லாமல், "அது என்ர மருமகள் பெயின்ற் அடிச்ச இடமாக்கும்," என்றார்.

வைத்தியருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, நீங்கள் பெயின்ற் அடிக்கிற வேலையா என்று மரியாதையாகக் கேட்டார். மாமா கண்ணைப் பொத்தியிருந்த கையை எடுத்தார்.

"படம் கீறுறவள்," என்றார். "கடல் கீறினாளெண்டால் அது கடல்தான். நான் அதுக்குள்ள இருந்து பாத்தனான்."